ஓசூர் ஏற்றுமதி ஆலைக்கு ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி: சுங்கக் கோடு பார்ப்பது முதல் சரிபார்ப்பு வரை

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி, தொழில் வட்டாரத்தில் சிபாம் (CBAM), அதாவது இறக்குமதிச் சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கான வரி, 2026 ஜனவரி 1 முதல் பணக் கணக்காகிவிட்டது. அதற்கு முன், 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை நடந்தது அறிக்கை மட்டும் கொடுக்கும் காலம். அப்போது வாங்குபவர் அனுப்பிய எக்செல் தாளை ஏதோ ஒரு உமிழ்வு எண்ணால் நிரப்பி அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்த ஆலைகள் ஓசூர் சிப்காட்டிலும் சிட்கோவிலும் நிறைய. இனி அந்த எண் யூரோவாக மாறுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த வரியைக் கட்ட வேண்டியவர் ஐரோப்பாவில் சரக்கை இறக்கும் இறக்குமதியாளர்தான். உங்கள் ஆலைக்கு ஐரோப்பாவிலிருந்து நோட்டீஸ் வராது, அபராதமும் வராது. ஆனால் அவருக்கு ஏறும் செலவை அடுத்த விலைப் பேச்சில் உங்கள் தலையில் வைக்கப் பார்ப்பார், அல்லது துருக்கிக்கோ தைவானுக்கோ ஆர்டரை மாற்றிவிடுவார். சட்டப்படி அவர் சுமை, வியாபாரப்படி உங்கள் சுமை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான். போல்ட், நட், ஃபோர்ஜிங், பைப் ஃபிட்டிங், ஃபேப்ரிகேஷன் செய்து அனுப்பும் சிறு, நடுத்தர ஆலைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்கள் சரக்கு பட்டியலில் இருக்கிறதா?

சிபாம் இப்போதைக்கு ஆறு துறைகளைத் தொடுகிறது: இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயர் சொல்லும் ஏற்றுமதிகளான கிரானைட், மாங்கூழ், ஓசூர் ரோஜா மூன்றும் இதில் இல்லை. மாங்கூழ் போகும் இரும்பு டிரம் சுங்கக் கோடு (சரக்கு வகையைக் குறிக்கும் எண்) 7310 வகைதானே, அது பட்டியலில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சரக்கோடு சேர்ந்து போகும் சாதாரண பேக்கிங் அந்தச் சரக்கின் கோடிலேயே வகைப்படும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வகைக் கலன் இல்லையென்றால் டிரம்முக்குத் தனிக் கணக்கு இல்லை. காலி டிரம்மையே விற்று ஏற்றுமதி செய்தால் கதை வேறு.

நம் ஊர் இன்ஜினியரிங் ஆலைகளுக்கு முக்கியமான கோடுகள் இவை. போல்ட், ஸ்க்ரூ, நட், வாஷர் எல்லாம் 7318. குழாய் இணைப்புகள் 7307. ஸ்ட்ரக்சர், ஃபேப்ரிகேஷன் 7308. ஃபோர்ஜிங் உள்பட எஃகின் இதர பொருள்கள் 7326. அலுமினியத்தில் 7616 வரை பெரும்பாலானவை. வெளியே நிற்பவை: இதர வார்ப்புகளுக்கான 7325, சங்கிலிக்கான 7315, ஸ்பிரிங்குக்கான 7320. கியர், ஷாஃப்ட் போகும் 8483-உம், வண்டி உதிரிபாகங்கள் போகும் 8708-உம் இன்றைக்கு வெளியேதான்.

இங்கே ஒரு குறுக்குவழி யோசனை அடிக்கடி வரும். 'எங்கள் போல்ட் காருக்குத்தானே போகிறது, 8708-இல் போட்டுவிடலாமா?' முடியாது. போல்ட், நட் போன்ற பொதுப்பயன் பாகங்கள் எந்த வண்டிக்குப் போனாலும் 7318-தான் என்பது சுங்க வகைப்பாட்டின் பழைய விதி. மாற்றிப் போட்டால் மாட்டுவது வாங்குபவர், ஆர்டரை இழப்பது நீங்கள்.

இன்னொன்று. நம் ஷிப்பிங் பில்லில் இருக்கும் 8 இலக்கத்தில் முதல் 6 மட்டுமே உலகத்துக்குப் பொது. கடைசி 2 இலக்கம் அங்கே வேறு. அதனால் அவர்கள் இறக்குமதியில் போடும் 8 இலக்கக் கோடை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீதி எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

படி 2: வாங்குபவரிடம் கேட்க வேண்டியவை

2025 அக்டோபரில் வந்த திருத்தம் ஒரு விலக்கு கொடுத்தது. ஓர் இறக்குமதியாளர் ஒரு காலண்டர் ஆண்டில் கொண்டுவரும் சிபாம் சரக்கு மொத்தம் 50 டன்னைத் தாண்டாவிட்டால் அவருக்கு இந்தக் கடமை இல்லை. இதைக் கேட்டதும் 'நாங்கள் வருஷத்துக்கு 20 டன்தான் அனுப்புகிறோம், தப்பித்தோம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 50 டன் வாங்குபவருடைய கணக்கு. அவர் உங்களிடம் 20, சீனாவில் 400, புனேவில் 80 டன் வாங்கினால் உங்கள் 20-க்கும் எண் வேண்டும்.

ஆக, ஒரு மெயிலில் மூன்று கேள்விகள். நீங்கள் 50 டன்னைத் தாண்டுகிறீர்களா? சிபாம் அறிவிப்பாளராக அனுமதி வாங்கிவிட்டீர்களா? எங்கள் சரக்குக்கு எங்கள் உண்மை எண்ணைப் பயன்படுத்தப் போகிறீர்களா, டீஃபால்ட் மதிப்பையா (உண்மை எண் இல்லாதபோது போட ஐரோப்பா நிர்ணயித்த எண்)? மூன்றாவது கேள்விக்கு அவர் 'டீஃபால்ட்' என்று சொன்னால், அந்தச் செலவு யார் கணக்கில் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து இந்த எல்லைக்குள் வராது. அதாவது அங்கே தயாரான சரக்குக்கு இந்த வரி இல்லை. பிரிட்டன் 2027 ஜனவரி 1 முதல் தனக்கென ஒரு கார்பன் எல்லை வரியைத் தொடங்குகிறது. பர்மிங்ஹாமுக்கு அனுப்புபவர்கள் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

படி 3: ஆலைக்குள் எண்ண வேண்டியவை

எஃகு, அலுமினியம் இரண்டுக்கும் வரிக் கணக்கில் நேரடி உமிழ்வு மட்டுமே சேரும். அதாவது எரிபொருள் எரிவதாலும் உருக்கும்போது நடக்கும் வேதிவினையாலும் வரும் கரியமில வாயு. வாங்கும் மின்சாரம் இப்போதைக்கு இந்தக் கணக்கில் இல்லை. சிமென்ட், உரத்துக்குத்தான் மின்சாரமும் சேரும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'கூரையில் சோலார் போடுங்கள், சிபாம் பிரச்சினை தீர்ந்தது' என்று சொல்லி விற்பவர்கள் வருகிறார்கள். கரண்ட் பில் குறையும், நல்ல விஷயம். வாங்கும் நிறுவனம் தன் சொந்த அறிக்கைக்காக அதைக் கேட்கவும் கூடும். ஆனால் போல்ட்டின் சிபாம் எண் ஒரு கிராம்கூடக் குறையாது. சோலாருக்குப் போடும் பணத்தை அதன் சொந்த லாப நட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

அனீலிங், ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்கு எல்பிஜி, குழாய் எரிவாயு, டீசல், ஃபர்னஸ் ஆயில் எது போகிறதோ அதை மாதவாரியாக எழுதுங்கள். வாங்கிய பில் மட்டும் போதாது. மாதத் தொடக்க இருப்பும் கடைசி இருப்பும் வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் டீசல் கணக்கில் சேராது. ஜெனரேட்டர் டீசலைத் தனிப் பத்தியில் வையுங்கள், அது மின்சாரத்தின் பக்கம் போகும். மூன்றுக்கும் ஒரே டேங்கிலிருந்து எடுப்பவர்கள், உலைக்குப் போகும் லைனில் ஒரு மீட்டர் போட்டுவிட்டால் பிற்பாடு வாதாட வேண்டியிருக்காது.

எரிபொருளை உமிழ்வாக மாற்றும் தோராயக் கணக்கு: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 3 கிலோ. ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயிலுக்கு சுமார் 3.1 கிலோ.

2025 திருத்தம் இன்னொரு சலுகையும் தந்தது. தனி ஆலையில் நடக்கும் முடிப்பு வேலைகள் சிலவற்றின் உமிழ்வை, குறிப்பிட்ட எஃகு, அலுமினியப் பொருள்களுக்குக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அங்கே வாங்கிய மூலப்பொருளின் உமிழ்வு மட்டும்தான் எண்ணப்படும். உங்கள் கோடுக்கு இது பொருந்துகிறதா என்பதைச் சரிபார்ப்பாளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். பொருந்தினாலும் எரிபொருள் பதிவை நிறுத்த வேண்டாம்.

படி 4: கம்பியின் எண்

பெரிய வேலை இதுதான்: மூலப்பொருளாக வாங்கும் கம்பியோடு எவ்வளவு உமிழ்வு வருகிறது என்று அறிவது. மற்ற படிகளுக்குத் தலா ஒரு வாரம் போதும், இதற்கு மாதங்கள் போகும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆலை 2026-இல் 1,100 டன் ஒயர் ராட் (எஃகுக் கம்பி) வாங்கி 1,000 டன் போல்ட் செய்கிறது. 100 டன் ஸ்கிராப். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு 40 டன் எல்பிஜி, அதாவது சுமார் 120 டன் உமிழ்வு. ஊது உலையில் உருவான ஒயர் ராடுக்கு டன்னுக்கு 2.4 டன் என்று வைத்தால், கம்பியோடு வந்த உமிழ்வு 2,640 டன். இரண்டும் சேர்ந்து 2,760. ஒரு டன் போல்ட்டுக்கு 2.76. இதில் ஆலையின் சொந்தப் பங்கு 0.12 மட்டும், நூற்றுக்கு ஐந்தைக்கூடத் தொடவில்லை. உலையை எவ்வளவு சீராக்கினாலும் இந்த 0.12-க்குள்தான் விளையாட முடியும். மீதி 2.64 எஃகு ஆலையின் கையில் இருக்கிறது.

அதே கம்பி ஸ்கிராப்பை மின் உலையில் உருக்கிச் செய்யப்பட்டதாக, டன்னுக்கு 0.6 என்று இருந்தால் மொத்தம் 0.78-தான். ஸ்கிராப்புக்குப் பழைய உமிழ்வு எதுவும் ஏறாது, மின் உலைக்குப் போகும் கரண்டும் எண்ணப்படாது. அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். ஆனால் ஸ்கிராப்போடு நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்ன் கலந்தால் எண் விறுவிறுவென ஏறும். நம் நாட்டில் பல இண்டக்‌ஷன் உலைகளில் அந்தக் கலவை உண்டு. 'மின் உலைக் கம்பி' என்று விற்பவர் சொன்னதோடு நின்றுவிடாமல் உலைக்குள் என்ன போகிறது என்று கேளுங்கள்.

எஃகு ஆலையிடம் கேட்க வேண்டியவை: எந்த ஆலை, அதன் அட்சரேகை தீர்க்கரேகை, எந்த முறையில் உருக்குகிறார்கள், டன்னுக்கு நேரடி உமிழ்வு எவ்வளவு, டன்னுக்கு எவ்வளவு ஸ்கிராப், மாங்கனீசு, குரோமியம், நிக்கல் சதவீதம், அந்த உமிழ்வு எண்ணை யாராவது சரிபார்த்திருக்கிறார்களா. கலப்பு உலோக அளவுகள் மில் டெஸ்ட் சான்றிதழிலேயே இருக்கும். உமிழ்வு எண் அதில் இருக்காது, தனியாகத்தான் கேட்க வேண்டும். பெரிய ஆலைகள் பலவும் இதற்கென ஆள் வைத்திருக்கின்றன. நேரில் வாங்குபவருக்குக் கேட்டால் கிடைக்கும்.

சிக்கல் ஸ்டாக்கிஸ்டிடம் வாங்குபவருக்கு. ஐந்து டன், எட்டு டன் என்று டிப்போவில் எடுக்கும் ஆலைக்கு எந்த மில் கம்பி என்றே சில சமயம் தெரியாது. வரும் மில் சான்றிதழ் நகலின் நகலாக இருக்கும், அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்) காயிலில் தொங்கும் டேக்கும் ஒத்துப்போகாது. இதற்கு என் யோசனை இது. ஐரோப்பா ஆர்டருக்கான கம்பிக்கு மட்டும் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'மில் பெயர், ஹீட் நம்பர், அந்த மில்லின் சிபாம் உமிழ்வுத் தாள் இல்லாமல் சரக்கு ஏற்கப்படாது.' கிலோவுக்குச் சில்லறை கூடக் கேட்பார்கள். கொடுத்துவிடலாம், கீழே வரும் டீஃபால்ட் கணக்கோடு ஒப்பிட்டால் அது மலிவு. வேண்டுமானால் பக்கத்து ஷெட்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து மில்லிடமே நேராக ஒரு லாரி லோடு போடுங்கள்.

கம்பி இழுப்பது வெளியே, பிளேட்டிங் வெளியே என்று ஜாப் வொர்க் கொடுப்பவர்கள், ஒவ்வொரு டெலிவரி சலானிலும் ஹீட் நம்பரை எழுத வையுங்கள். எடை மேடைச் சீட்டை அதோடு பின் பண்ணுங்கள். 1,100 டன் உள்ளே, 1,000 டன் பொருளாகவும் 100 டன் ஸ்கிராப்பாகவும் வெளியே என்ற கணக்கு டாலி ஆகாவிட்டால் சரிபார்ப்பவர் முதல் கேள்வியை அங்கேதான் கேட்பார்.

இந்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகு வகைப்பாடு ஒன்றை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே உமிழும் எஃகுக்கு நட்சத்திரம், 1.6-க்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். மில்களை ஒப்பிட இது உதவும். ஆனால் அதன் கணக்கு முறை வேறு, மின்சாரமும் அதில் சேரும். அந்த எண்ணை அப்படியே சிபாம் தாளில் எழுதிவிடக் கூடாது.

படி 5: பணமாகப் பார்ப்பது

'2026-இல் 2.5 சதவீதம்தான் கட்ட வேண்டும், 2034-இல்தான் முழுசு' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பாதி உண்மை. ஐரோப்பிய ஆலைகளுக்குக் கிடைக்கும் இலவச ஒதுக்கீடு (உமிழ்வுக்குப் பணம் கட்டாமல் கிடைக்கும் விலக்கு) உங்கள் சரக்கின் கணக்கிலும் கழியும், ஆனால் அது படிப்படியாகக் குறைகிறது. குறையும் அளவு: 2026-இல் 2.5 சதவீதம், 2027-இல் 5, 2028-இல் 10, 2029-இல் 22.5, 2030-இல் 48.5, அப்படியே ஏறி 2034-இல் 100. ஆனால் அந்த ஒதுக்கீடு ஒரு பெஞ்ச்மார்க் (ஒரு டன் பொருளுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் அளவுகோல் உமிழ்வு) அளவுக்குத்தான். உங்கள் உமிழ்வு பெஞ்ச்மார்க்கைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இன்றைக்கே முழு விலை.

மறுபடி கற்பனை எண்கள். பெஞ்ச்மார்க் 1.5 என்று வையுங்கள். 2026-இல் அதன் 97.5 சதவீதம், அதாவது சுமார் 1.46 கழியும். உமிழ்வு 2.64 (படி 3-இன் சலுகை பொருந்தி, கம்பியின் பங்கு மட்டும்) என்றால் மீதி 1.18 டன்னுக்கு வாங்குபவர் சிபாம் சான்றிதழ் வாங்க வேண்டும், வரி கட்டுவது இப்படித்தான். சான்றிதழ் 75 யூரோ என்றால் ஒரு டன் போல்ட்டுக்கு சுமார் 88 யூரோ. உண்மையான பெஞ்ச்மார்க் பொருளுக்கும் உருக்கும் முறைக்கும் தகுந்தபடி மாறும். ஸ்கிராப் வழி எஃகுக்கு அது தாழ்வு, அதனால் மேலே சொன்ன 0.78-ஐ இந்த 1.46-ஓடு கழித்துப் பார்த்து வரியே இல்லை என்று மகிழ வேண்டாம்.

உண்மை எண் கொடுக்காவிட்டால் நாடுவாரியான டீஃபால்ட் மதிப்பு வரும், அதன் மேல் ஓர் ஏற்றமும்: 2026-இல் 10 சதவீதம், 2027-இல் 20, 2028 முதல் 30. டீஃபால்ட் 3 என்று வைத்தால் ஏற்றத்தோடு 3.3. அதே 1.46 கழிந்தால் 1.84, பணத்தில் 138 யூரோ. இரண்டுக்கும் நடுவே டன்னுக்கு ஏறக்குறைய 50 யூரோ. இந்த வித்தியாசத்தை உங்கள் வருட டன்னால் பெருக்கிப் பாருங்கள். சரிபார்ப்புக்கும் ஆள் வைப்பதற்கும் ஆகும் செலவைவிட அது சிறியதாக வந்தால் டீஃபால்டிலேயே விட்டுவிடுவது தப்பில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று கன்டெய்னர் மட்டும் அனுப்புபவருக்கு அதுதான் கணக்கு. யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

படி 6: தாளை நிரப்புவதும் பதிவு செய்வதும்

ஐரோப்பிய ஆணையம் ஓர் எக்செல் படிவம் வைத்திருக்கிறது. வாங்குபவர் தன் சொந்தப் படிவம் அனுப்பினாலும் ஆணையத்தின் படிவத்தையே முதலில் நிரப்புங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து எடுக்கலாம். கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் புத்தகம் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடுவதால், டிசம்பர் 31 அன்று எரிபொருள், கம்பி, முடிந்த சரக்கு மூன்றுக்கும் இருப்பு எடுக்க அக்கவுன்டன்டிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சிபாம் பதிவேட்டில் ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் ஆலையும் நேராகப் பதிவு செய்யலாம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். ஐந்து வாங்குபவர் இருந்தால் ஐந்து எக்செல் அனுப்பும் வேலை மிச்சம். அதைவிட முக்கியம், எந்த மில்லில் கம்பி வாங்குகிறீர்கள், எவ்வளவு ஸ்கிராப் விழுகிறது என்ற விவரம் வாங்குபவரின் பர்ச்சேஸ் மேஜையில் போய் விலை பேச உட்காராது. யாருக்குக் காட்டுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

படி 7: சரிபார்ப்பு

உண்மை எண் செல்ல வேண்டுமானால் ஐரோப்பிய நாடு ஒன்றின் அங்கீகார அமைப்பால் அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளரின் அறிக்கை வேண்டும். முதல் ஆண்டுக்கு அவர் ஆலைக்கு நேரில் வர வேண்டும். உங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த ஆலோசகரே சரிபார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று யாராவது கொட்டேஷன் கொடுத்தால் வாசலோடு அனுப்பிவிடலாம். கம்பி ஆலையின் எண்ணும் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதிக்கு டீஃபால்ட் ஏறிவிடும்.

வருகைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, சூளகிரி என்று ஒரே வட்டாரத்தில் இருக்கும் ஆலைகள் ஒரே வாரத்தில் தேதி கேட்டால் பயணச் செலவு ஒருவர் தலையில் விழாது. உங்கள் தொழில் சங்கத்தில் இதைப் பேசுங்கள்.

தேதிகள்: சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது. 2026-இல் இறக்கிய சரக்குக்கு வாங்குபவர் 2027 செப்டம்பர் 30-க்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உங்கள் சரிபார்ப்பு அறிக்கை அதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் கைக்குப் போயாக வேண்டும். சரிபார்ப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை எல்லாப் பதிவும் ஆலையில் இருக்கட்டும். பழைய பில்களை எடைக்குப் போட்டுவிடும் பழக்கம் இருந்தால் அந்த ரேக்கைப் பூட்டிவையுங்கள்.

படி 8: ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

'சிபாம் செலவு முழுவதும் சப்ளையருடையது' என்ற ஒற்றை வரியோடு புது ஒப்பந்தங்கள் வரும். அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். சான்றிதழ் விலை ஐரோப்பாவின் உமிழ்வு உரிம ஏலச் சந்தையைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். 2026 சரக்குக்குக் காலாண்டுச் சராசரி, 2027 முதல் வாரச் சராசரி. அந்த ஏற்ற இறக்கத்தை ஓசூரில் இருந்து தாங்க முடியாது. சரிபார்த்த எண்ணை நேரத்துக்குக் கொடுப்பது உங்கள் பொறுப்பு, சான்றிதழ் விலை அவர் பொறுப்பு. நீங்கள் எண் கொடுக்கத் தவறினால் டீஃபால்டுக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் உங்களுடையது. இந்த மாதிரிப் பிரிவுக்குப் பேசிப் பாருங்கள். குறைந்த உமிழ்வுக் கம்பிக்கு மாறினால் மிச்சமாகும் தொகையில் பங்கு என்றும் ஒரு வரி கேளுங்கள். கேட்டால் தருபவர்கள் இருக்கிறார்கள்.

நேரடியாக ஏற்றுமதி செய்யாமல் சென்னை, பெங்களூர் நிறுவனத்துக்கு சப்ளை செய்பவர்களுக்கும் இதே கேள்விகள் ஒரு கை மாறி வரும். 8708, 8483 கோடில் அனுப்புபவர்களும் முழுக்க ஒதுங்கி இருக்க முடியாது. எஃகும் அலுமினியமும் அதிகம் உள்ள சுமார் 180 கீழ்நிலைப் பொருள்களை 2028 முதல் சேர்க்க ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது. அது சட்டமாகும் வரை எண் கொடுக்கும் கடமை இல்லை. ஆனால் கம்பிக்கும் தகட்டுக்கும் மில் பெயரையும் ஹீட் நம்பரையும் பதியும் ரிஜிஸ்டரை இந்த மாதமே தொடங்கிவிடலாம், அதற்கு ஆலோசகர் யாரும் தேவையில்லை.